ஏற்காடு எஸ்டேட்டில் நேவிகேஷன் ரேஸ்: செக்பாயிண்ட் பதிவுக்கு போன் மட்டும் போதுமா?

மேட்டுத்தெரு:

ஏற்காட்டுல ஒரு தனியார் காபி எஸ்டேட்ல ஜனவரி கடைசி ஞாயிறு நேவிகேஷன் ரேஸ் (ஓரியன்டீரிங், அதாவது வரைபடம் பார்த்து செக்பாயிண்டுகளைத் தேடிப் போற ஓட்டம்) வைக்கிறோம். எஸ்டேட்காரர் எழுத்துப்பூர்வமா அனுமதி கொடுத்தாச்சு. ரிசர்வ் ஃபாரஸ்ட் எல்லைக்குள்ள பாதை போகாது. ஸ்கோர் வகை: 15 செக்பாயிண்ட், எந்த வரிசைல வேணும்னாலும் எடுக்கலாம், 2 மணி நேரம், தாமதமானா மார்க் கழிவு. ரெண்டு ரெண்டு பேரா 40 டீம்.

விரல்ல மாட்டுற சிப், அதுக்கான பெட்டியெல்லாம் எடுக்க பட்ஜெட் இல்ல. அதனால போன்தான். இப்போதைக்கு யோசிச்சிருக்கிறது: ஒவ்வொரு செக்பாயிண்ட்லயும் லேமினேட் பண்ணின க்யூஆர், அதை ஸ்கேன் பண்ணினா கூகுள் ஃபார்ம் திறக்கும், செக்பாயிண்ட் எண் முன்னாடியே நிரம்பியிருக்கும், டீம் நம்பரை மட்டும் போட்டு அனுப்பணும்.

இடம் எப்படின்னா: பாதிக்கு மேல சில்வர் ஓக் நிழல், அதுல மிளகுக்கொடி. நடுவுல ஒரு ஓடைப் பள்ளம். கிழக்கே திறந்த பாறை. மேட்டுல சிக்னல் ஒரு கட்டை வரும், பள்ளத்துல சுத்தமா இல்ல.

கேள்வி: இந்த ஃபார்ம் ஏற்பாடு தாங்குமா? ஜிபிஎஸ் வச்சு தானா பதியுற ஆப் நல்லதா? யாராவது க்யூஆரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா என்ன பண்றது? என்எஃப்சி ஸ்டிக்கர் (போனைப் பக்கத்துல கொண்டுபோனாலே வாசிக்கிற சிப்) ஒட்டினா சரியாகுமா?

திசைகாட்டி:

கூகுள் ஃபார்மை விட்டுடுங்க. சிக்னல் இல்லாத இடத்தில் பக்கமே திறக்காது என்பது வெளியே தெரிகிற பிரச்சினை. உள்ளே இருக்கிற பிரச்சினை, அதில் பதிவாகிற நேரம் ஸ்கேன் செய்த நேரம் அல்ல, சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம். பள்ளத்தில் ஸ்கேன் செய்தவர் மேடேறி சிக்னல் வந்ததும் அனுப்பினால் ஆறேழு நிமிடம் தள்ளி விழும். ஸ்கோர் ரேஸில் முடிவு நேரம் மட்டும்தானே முக்கியம் என்று தோன்றும். ஆனால் ஒரு டீம் காணவில்லை என்று தேடும்போது கடைசியாக எந்த செக்பாயிண்டில் எத்தனை மணிக்கு இருந்தார்கள் என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே தகவல். அது பொய்யாக இருக்கக் கூடாது.

நேரம் போனிலேயே பதிய வேண்டும், நெட் வந்த பிறகு மேலே ஏற வேண்டும். க்யூஆருக்கு ஐஓரியன்டீரிங் மாதிரி ஆஃப்லைனில் ஓடுகிற ஆப் இருக்கிறது. ஸ்டார்ட் குறியை ஸ்கேன் செய்ததிலிருந்து ஃபினிஷ் குறி வரை அந்த போனின் கடிகாரமே ஓடுவதால் போனுக்கு போன் நேர வித்தியாசம் பாதிக்காது.

சொந்தமாகக் குறி தயாரிப்பதென்றால் உள்ளே இணைய முகவரி வேண்டாம், வெறும் எண் போதும். 0748213 மாதிரி: முதல் இரண்டு இலக்கம் செக்பாயிண்ட், மீதி ஐந்தும் கண்டபடி எண். அதிகபட்சப் பிழைதிருத்த அளவு, அதாவது சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் வாசிக்கும் அளவு, வைத்தாலும் இது 21க்கு 21 கட்டத்தில் அடங்கிவிடும். அதே பிழைதிருத்தத்தில் 60 எழுத்து முகவரி போட்டால் 45க்கு 45 ஆகிவிடும். ஒரே அளவுத் தாளில் கட்டம் ஒவ்வொன்றும் பாதிக்கும் கீழே சுருங்கும். பனிமூட்டத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு, நடுங்கும் கையோடு ஸ்கேன் செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

குறி 6 செ.மீ. பக்கம் இருந்தால் சுமார் 60 செ.மீ. தூரத்திலிருந்து எடுக்கலாம். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விட வேண்டும். லோகோவை அதில் ஏற்றுகிறவர்கள்தான் பிறகு "ஸ்கேன் ஆகலை" என்பார்கள். இங்க்ஜெட் வேண்டாம், லேசர் பிரிண்ட். பளபள லேமினேஷனில் வானம் பிரதிபலித்து கேமராவுக்கு எதுவும் தெரியாது. ஃப்ளெக்ஸ் கடையில் மேட் வினைல் எடுத்து 3 மி.மீ. சன்போர்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் பலகையை வடக்கு முகமாகக் கட்டினால் நேர் வெயில் விழாது. காலையில் பனித்துளி கோத்து நிற்கும், பலகையோடு ஒரு துணித்துண்டு கட்டிவிடுங்கள். ஆணி வேண்டாம், கேபிள் டை போதும். காபிச் செடியில் கட்டாதீர்கள், கிளை ஒடிந்தால் அடுத்த வருஷம் அனுமதி கிடைக்காது.

சமவுயரக்கோடு:

மேலே சொன்னதில் ஃபார்ம் பற்றிய பகுதி அத்தனையும் சரி. ஆனால் ஸ்கோர் ரேஸ், 40 டீம் என்றால் மேப்ரன் மாதிரி ஜிபிஎஸ் ஆப்தான் என் தேர்வு. மார்க்கையும் தாமதக் கழிவையும் அதுவே கணக்கிடும், பலகை திருடு போனாலும் ரேஸ் நிற்காது. நிகழ்வை முன்பே இறக்கிக்கொண்டால் ஓட்டத்தின்போது நெட் தேவையில்லை.

தேவை இரண்டே கோப்பு: செக்பாயிண்டுகளின் இடம் உள்ள கேஎம்எல், வரைபடப் படத்துக்கு கேஎம்இசட். ஸ்டார்ட் புள்ளிக்கு எஸ்1, ஃபினிஷுக்கு எஃப்1 என்று பெயர். செக்பாயிண்டுக்கு 20 முதல் 29 வரை எண் கொடுத்தால் 20 மார்க், 30 முதல் 39 வரை என்றால் 30. நேர வரம்பும் கழிவு முறையும் கோப்பின் பெயரிலேயே போகும், அதனால் பெயரை உதவிப் பக்கத்தில் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே வையுங்கள். வெளியிடும் முன் மேப்ரனின் சோதனை வசதியான செக்சைட்ஸ் வழியாக ஏற்றினால் ஒரு குறியீட்டு எண் கிடைக்கும். அதை ஆப்பில் போட்டு நீங்களே முழுச் சுற்றும் நடந்து பார்க்கலாம்.

இனி தவறுவது எங்கே. ஆப் செய்வது ஒன்றுதான்: போன் சொல்லும் இடம் செக்பாயிண்டைச் சுற்றிய வட்டத்துக்குள் விழுந்தால் "எடுத்தாச்சு" என்று பீப் அடிக்கும். வட்டம் பொதுவாக 15 மீ. ஆரம். திறந்த வானத்தில் போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீ. ஆரத்துக்குள் நிற்கும். சில்வர் ஓக்குக்குக் கீழே, அதுவும் ஈர இலை என்றால், 10 முதல் 20 மீ. தள்ளும். பாறைச் சரிவின் அடியில் நின்றால் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வந்து இன்னும் மோசமாகும். ஆகவே நீங்கள் செக்பாயிண்ட் வைக்கும் இடத்தை போனுக்குத் தகுந்த மாதிரி தேர்ந்தெடுக்க வேண்டும்: பாதைச் சந்திப்பு, காபி உலர்த்தும் களம், தண்ணீர்த் தொட்டி, கிழக்குப் பாறையின் உச்சி. ஓடைப் பள்ளத்தில் நல்ல இடம் இருக்கிறது என்று ஆசைப்படாதீர்கள்.

இரண்டு செக்பாயிண்டுக்கு இடையில் அனைத்துலக ஓரியன்டீரிங் கூட்டமைப்பு விதி 30 மீ. கேட்கும். போன் ஜிபிஎஸ்ஸுக்கு அது போதாது, 80 மீ. விடுங்கள். வளைந்து வளைந்து ஏறும் எஸ்டேட் பாதையில் இன்னொரு சிக்கல்: ஆப் உயரத்தைப் பார்ப்பதில்லை. மேல் வளைவில் வைத்த செக்பாயிண்டு, கீழ் வளைவில் ஓடுகிறவருக்கும் பீப் அடித்துவிடும். வரைபடத்தில் 15 மீ. வட்டம் போட்டுப் பாருங்கள். வேறு பாதை அதைத் தொட்டால் புள்ளியை நகர்த்துங்கள்.

இடம் குறிக்க சாட்டிலைட் படத்தில் கிளிக் செய்து எடுக்காதீர்கள், படமே சில மீட்டர் விலகியிருக்கலாம். ஜிபிஎஸ் சராசரி எடுக்கும் ஆப் வைத்து ஒவ்வொரு இடத்திலும் மூன்று நிமிடம் நில்லுங்கள். வேறொரு நாள் வேறு நேரத்தில் மறுபடி எடுங்கள். இரண்டும் 8 மீட்டருக்கு மேல் வேறுபட்டால் அந்த இடம் தேறாது.

மேட்டுத்தெரு:

ரெண்டு பேருக்கும் நன்றி. வர்றவங்கள்ல முக்கால்வாசி காலேஜ் பசங்க, பட்ஜெட் ஆண்ட்ராய்டு போன். இந்த மாதிரி ஆப்பெல்லாம் பாதியில தானா நின்னுடும்னு சொல்றாங்களே? திறந்த இடத்துல ஜிபிஎஸ், பள்ளத்துல க்யூஆர்னு கலந்து வைக்கலாமா?

சமவுயரக்கோடு:

கலக்காதீர்கள். ஒரே போனில் இரண்டு ஆப் மாற்றி மாற்றித் திறக்கும்போது பின்னணியில் போன ஜிபிஎஸ் ஆப்தான் முதலில் சாகும். முடிவில் இரண்டு பட்டியலைக் கையால் சேர்க்கவும் வேண்டும்.

ஆப் நிற்பதற்குக் காரணம் போனின் பேட்டரி மேலாண்மை. திரை அணைந்ததும் பின்னணி ஆப்பைக் கொல்லும், இல்லாவிட்டால் இடம் பார்ப்பதைக் குறைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 10 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 2.8 மீ. 30 மீ. அகல வட்டத்தை நடுவாகக் கடக்க 11 வினாடி. வினாடிக்கு ஒருமுறை இடம் பார்த்தால் பத்துப் பதினோரு வாய்ப்பு. போன் 15 வினாடிக்கு ஒருமுறைதான் பார்க்கிறது என்றால் வட்டத்தின் மேலேயே ஓடியும் பதிவாகாமல் போகும். "நான் போனேன், பீப் வரல" என்கிற புகார்கள் நிறைய இந்த வகைதான்.

பதிவு மேசையில் ஒருவரை உட்காரவைத்து ஒவ்வொரு போனையும் வாங்கிப் பாருங்கள். பேட்டரி சேவர் அணைந்திருக்க வேண்டும். அந்த ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாடு "இல்லை" என்று இருக்க வேண்டும். லொகேஷன் அனுமதி துல்லியமாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும் "தோராயமான இடம்" என்று ஒரு தேர்வு உண்டு, அதைத் தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். சார்ஜ் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஒரு போனுக்கு இரண்டு நிமிடம், டீமுக்கு இரண்டு போன் வீதம் 80 போனுக்கு இரண்டு மேசை என்றால் 80 நிமிடம்.

டீமுக்கு இருவர் இருப்பதால் இரண்டு போனிலும் ஆப் ஓடட்டும், நல்ல பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். போன் பேன்ட் பையில் இருந்தால் உடம்பே சிக்னலை மறைக்கும். முதுகுப்பையின் மேல் அறை அல்லது கைப்பட்டை.

புறப்படும் முன் எல்லோரும் திறந்த மைதானத்தில் ஐந்து நிமிடம் ஆப்பைத் திறந்து நிற்க வேண்டும். நெட் இருந்தால் செயற்கைக்கோள் விவரம் உடனே வந்துவிடும். நெட் இல்லாமல் வானத்திலிருந்து வாங்கினால் ஒவ்வொரு செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை விவரமும் 30 வினாடிக்கு ஒருமுறைதான் முழுதாக வரும். நடுவில் மரம் மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. மரத்தடியில் நின்று ஸ்டார்ட் அழுத்தியவருக்கு முதல் செக்பாயிண்ட் விட்டுப்போவது இதனால்தான்.

ஓட்டைக்கார்டு:

என்எஃப்சி பத்தி யாரும் சொல்லலையே. என்டேக் 213 ஸ்டிக்கர்ல 144 பைட் இடம் இருக்கு, ஏழு இலக்க எண்ணுக்குத் தாராளம். போட்டோ எடுத்து அனுப்ப முடியாது, இருட்டுலயும் வேலை செய்யும், பனி ஒட்டினாலும் கவலையில்ல. ஆனா உங்க கூட்டத்துக்கு ஒத்துவராது. பட்ஜெட் ஆண்ட்ராய்டு நிறையவற்றுல என்எஃப்சியே கிடையாது. இருக்கிற போன்லயும் ஆன்டெனா எங்கேன்னு தெரியாம தடவிக்கிட்டு நிப்பாங்க. ஐபோன்ல மேல் விளிம்பு, ஆண்ட்ராய்டுல பெரும்பாலும் முதுகு நடு. கவர்ல இரும்புத் தகடு ஒட்டியிருந்தா வாசிக்காது. இரும்புக் கம்பத்துல சாதா ஸ்டிக்கர் ஒட்டினாலும் வாசிக்காது, உலோகத்துக்குன்னே ஃபெரைட் அடுக்கு வச்சது தனியா வாங்கணும். அப்படியே ஒட்டினாலும் எழுதினப்புறம் லாக் பண்ணாம விட்டா யாராவது மேல எழுதிடுவாங்க.

போன் எதுவா இருந்தாலும் கூடவே அட்டை வைங்க. 300 ஜிஎஸ்எம் அட்டைல 15 கட்டம், ஒவ்வொரு செக்பாயிண்ட்லயும் ஒரு பஞ்ச். ஊசித் துளை போடுற பின் பஞ்ச் கிடைக்கலைன்னா ஸ்டேஷனரி கடைல கிராஃப்ட் பஞ்ச் இருக்கும்: நட்சத்திரம், இலை, வட்டம், மீன். 15 வேற வேற வடிவம் கிடைக்காது, அதனால ரெண்டு பஞ்சைச் சேர்த்து ஜோடி ஆக்குங்க. ஆறு வடிவம் இருந்தா வெவ்வேறு ஜோடி 15 வரும், உங்களுக்குச் சரியா போதும். ஒவ்வொரு வடிவமும் அஞ்சு ஜோடில வரும், அதனால வடிவத்துக்கு அஞ்சு வீதம் 30 பஞ்ச் வாங்கணும். நைலான் கயித்துல கட்டுங்க, சணல்னா குரங்கு பிச்சிடும்.

குரங்குன்னதும் இன்னொண்ணு. மினுமினுப்பான எதுவும் தொங்கக் கூடாது. ஆரஞ்சு வெள்ளைக் கொடி, 30க்கு 30 செ.மீ., துணியா இருந்தா பெரும்பாலும் விட்டுடும். பளபளக்கிற லேமினேஷன் ஷீட்டை விடாது. பலகை, பஞ்ச் எல்லாத்தையும் அன்னிக்குக் காலைல கட்டுங்க, முந்தின நாள் சாயங்காலம் வேண்டாம்.

ஏமாத்து வேலைக்கு அட்டையும் ஜிபிஎஸ் தடமும் சேர்ந்தா போதும். ஒண்ணு மட்டும் இருந்தா சந்தேகம், ரெண்டும் இல்லைன்னா மார்க் கிடையாது. இதை முன்னாடியே விதியா எழுதி வரைபடத்தோட பின்பக்கம் அச்சடிங்க. அட்டை இருந்து பீப் வரலைன்னா தடத்தைப் பார்த்து, வட்டத்துக்கு வெளிய 30 மீட்டருக்குள்ள போயிருந்தா மார்க் கொடுத்துடலாம். இப்படி வச்சா பள்ளத்துலயும் ரெண்டு செக்பாயிண்ட் தைரியமா வைக்கலாம், அங்க அட்டைதான் முதல் சாட்சி.

வாக்கிடாக்கி:

ஸ்டார்ட், ஃபினிஷ், பள்ளத்திலிருந்து ஏறும் இடம், பாறை அடிவாரம், இந்த நாலு இடத்திலும் தன்னார்வலர் போனில் பதிவு இருந்தே ஆக வேண்டும். டீம்களின் ஆப் சொல்வது அவர்கள் போனிலேயே கிடக்கும். போன் அணைந்துவிட்டால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அதற்கு ஓடிகே கலெக்ட் என்கிற படிவம் நிரப்பும் ஆப் போதும், ஆஃப்லைனில் ஓடும், இலவசம். படிவத்தில் மூன்றே வரி: மார்பு எண்ணின் பட்டைக்குறி, அதற்கான நேரம், குறிப்பு. இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் நேரம்தான். படிவத்தின் "ஸ்டார்ட்" நேரத்தை எடுத்தால் அது படிவம் திறந்த நேரம். தன்னார்வலர் அடுத்த டீமுக்காகப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் காத்திருப்பார். பத்து நிமிடம் முந்தைய நேரம் பதிவாகும். எக்ஸ்எல்எஸ் படிவத்தில் (கேள்விகளை எழுதிவைக்கும் எக்செல் கோப்பு) ஒரு கணக்கீட்டு வரி சேர்த்து, அப்போதைய நேரத்தைத் தரும் "நவ்" சார்பைப் போட்டு, ட்ரிக்கர் பத்தியில் பட்டைக்குறிக் கேள்வியைக் குறியுங்கள். ஸ்கேன் விழுந்த நொடியில் நேரம் பதியும்.

இங்கே போன்களின் கடிகாரம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். நாலு போனிலும் தானியங்கி நேரம் போட்டு, சிக்னல் உள்ள இடத்தில் வைத்து, ஒரே மார்பு எண்ணை நாலு பேரும் ஒரே சமயம் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு வினாடிக்குள் இருந்தால் சரி. சிம் இல்லாத பழைய போனை இதற்கு எடுக்காதீர்கள், நாள்கணக்கில் நெட் பார்க்காமல் நிமிடமே தள்ளியிருக்கும். படிவத்தை முந்தின நாள் வைஃபையில் இறக்கிவிட்டு, விமானப் பயன்முறையில் வைத்து ஒரு பதிவு போட்டுப் பாருங்கள். மார்பு எண்ணில் குறி 5 செ.மீ., நாலு மூலையிலும் ஊக்கு. இரண்டு ஊக்கு என்றால் மடிந்து மடிந்து ஸ்கேனே ஆகாது.

பவர் பேங்க் ஆளுக்கு ஒன்று. கூடவே தாளும் பேனாவும், எண்ணும் நேரமும் மட்டும். போன் செத்தால் தாள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. புறப்பட்டவர் எண்ணிக்கையும் திரும்பியவர் எண்ணிக்கையும் ஃபினிஷ் மேசையில் ஒரே சார்ட்டில், கொட்டை எழுத்தில். பாதியில் விட்டவர்களும் ஃபினிஷுக்கு வந்து ஸ்கேன் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பைக்கை எடுத்துக்கொண்டு நேராகச் சேலத்துக்கு இறங்கிவிட்ட டீமை எஸ்டேட் முழுக்கத் தேடுவது வீண் வேலை. அந்தப் பக்கம் காட்டெருமை எஸ்டேட்டுக்குள் வரும். விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் ஆள் உள்ளே இருக்கக் கூடாது; 8.30க்கு மேல் தொடங்கி 11 மணிக்குள் எல்லோரும் வெளியே. ஆளுக்கு ஒரு விசில், வரைபடத்தில் 108ஓடு உங்கள் மேசை எண்ணும். பள்ளத்தில் அந்த எண் எடுக்காது என்பதால் "தொலைந்தால் மேடேறி தெற்கே உள்ள தார் ரோட்டுக்கு வா" என்று ஒரு வரி.

மேட்டுத்தெரு:

தெளிவாயிடுச்சு. ஃபார்ம் கிடையாது. ஜிபிஎஸ் ஆப், டீமுக்கு ரெண்டு போன், 13 செக்பாயிண்ட் திறந்த இடத்துல, பள்ளத்துல ரெண்டு, எல்லாத்துலயும் ஜோடி பஞ்ச், நாலு இடத்துல ஓடிகே. ஸ்டார்ட்டும் ஃபினிஷும் உலர்த்துற களத்துலயே வச்சுக்கிறோம், மேசை ஒண்ணு போதும்.

சமவுயரக்கோடு:

மேசை ஒன்றே இருக்கட்டும், எஃப்1 புள்ளி மட்டும் களத்தில் வேண்டாம். ஸ்கோர் ரேஸில் டீம்கள் ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போகக் களத்தைக் குறுக்கே கடப்பார்கள். ஃபினிஷ் வட்டத்துக்குள் கால் வைத்தாலே ஓட்டம் முடிந்ததாக ஆப் எடுத்துக்கொண்டால் மீதி ஒரு மணி நேரப் பதிவு போய்விடும். எஃப்1ஐ மேசையிலிருந்து 60 மீ. தள்ளி, எந்தப் பாதையும் கடக்காத மூலையில் வையுங்கள். குடோனுக்குப் பின்னால் இடமிருந்தால் நல்லது, ஆனால் தகரச் சுவரை ஒட்டி வேண்டாம், சிக்னல் சிதறும். அங்கிருந்து மேசைக்கு ரிப்பன் கட்டி விடுங்கள், ஓடிகே ஸ்கேன் மேசையில் நடக்கட்டும். செக்சைட்ஸில் சோதிக்கும்போது ஒருமுறை வேண்டுமென்றே களத்தைக் குறுக்கே நடந்து பாருங்கள்.